கேள்வி எண் பதினொன்று

ஓரிகனின் கிழக்கு ஓரம்.
கோதுமை அறுத்த தாள்மேல் முதல் உறைபனி.
மாவட்ட அலுவலகக் கீழ்த்தளத்தில் நாங்கள் நாலு பேர்.
சிவப்புப் பேனா தவிர வேறெதுவும்
மேசைக்கு வரக்கூடாது.

தபாலில் வந்த உறையைப் பிரிக்கிறோம்.
உறைக்குப் பெயர் உண்டு, உள்ளிருக்கும் சீட்டுக்குக் கிடையாது.
பிரித்த நொடியில் இரண்டும்
ஒன்றையொன்று மறந்துவிட வேண்டும்.
அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

முதல் பக்கம் ஆட்களுக்கு.
அங்கே எல்லாருக்கும் அபிப்பிராயம் உண்டு,
அழுத்திய மை மறுபுறம் ஊறியிருக்கும்.
திருப்பினால் பதினான்கு கேள்விகள்.
நாலாவது வரை பேனா நடக்கிறது.
ஏழில் மூச்சு வாங்குகிறது.
ஒன்பதைத் தாண்டினால்
வெற்று வட்டங்கள், வெற்று வட்டங்கள்,
ஆள் இறங்காத நிறுத்தங்கள் மாதிரி.

விளக்கக் கையேடு நூற்றறுபது பக்கம்.
ஹார்லன் வீட்டில் அது கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தது.
அவனைக் குறை சொல்ல மாட்டேன்.
மாடுகளை அடைத்துவிட்டு ஒன்பது மணிக்கு உட்காருகிறவனிடம்
கடன்பத்திர வட்டியைப் பற்றி
ஒரு மாநிலமே கருத்துக் கேட்டால் என்ன செய்வான்?

பதினொன்று, ஆம்புலன்ஸ் பற்றியது.
அந்தச் சொல் மூன்றாம் வரியில்தான் வரும்.
அதற்கு முன்னால்:
‘வரித் தடையை நீக்க மறுக்கும் தீர்மானத்தைத்
தள்ளுபடி செய்யலாமா?’
ஆம் என்றால் வண்டி இருக்குமா, போகுமா?
காப்பி வேளையில் நாங்கள் நால்வரே
இரண்டிரண்டாகப் பிரிந்தோம்.

மூன்றாம் நாள், பகல் இரண்டு மணி.
பத்து வரை ஒழுங்காக நிரப்பிய ஒரு சீட்டு.
பதினொன்றில் இரண்டு வட்டமும் காலி.
விளிம்பில், பென்சிலில்:
‘மூன்று முறை படித்தேன்.
விளங்கவில்லை. மன்னிக்கவும்.’

யாரிடம் கேட்ட மன்னிப்பு?
இயந்திரம் விளிம்பைப் படிக்காது.
விதிப்படி அது ‘பதில் இல்லை’.
இருபத்திரண்டு வருஷமாக எண்ணுகிறேன்,
இவ்வளவு நேர்மையான பதில் கைக்கு வந்ததில்லை.

அந்த எழுத்தின் கொக்கிவால் எனக்குத் தெரியும்.
வெர்லா நைகார்டின் சாப்பாட்டுக் கடையில்
கரும்பலகையில் தினமும் சூப்பின் பெயர்
அந்த வாலில்தான் தொங்கும்.
தெரிந்ததைத் தெரியாமலாக்கிக்கொண்டு
சீட்டை அடுக்கில் வைத்தேன்.
மறுநாள் அங்கேதான் சாப்பிட்டேன்.
பட்டாணி சூப். உப்புக் கொஞ்சம் தூக்கல்.
அதை மட்டும் சொன்னேன்.

ஒன்பது வாக்கில் தோற்றது.
காலியாக விட்டவர்கள் முந்நூற்று நாற்பது.
பிப்ரவரியில் வண்டியை விற்றார்கள்.
மார்ச்சில் சமையல்காரன் ஓஸ்கர் அடுப்பெதிரே சரிந்தான்.
பக்கத்து மாவட்டத்து வண்டி வர ஐம்பத்திரண்டு நிமிஷம்.
பிழைத்துக்கொண்டான்.
இடது கைதான் இன்னும் முட்டை உடைக்க மறுக்கிறது.

ஏப்ரலில் ஒருநாள் கரும்பலகையில் சூப் இல்லை.
அதே கொக்கிவால்:
‘செவ்வாய் மாலை ஆறு. புது மனு.
வாக்கியத்தை நாமே எழுதுவோம்.’

முப்பது நாற்காலி, பதினேழு பேர்.
ஹார்லன் அந்தக் கையேட்டோடு வந்தான்,
அட்டையில் கதவின் தழும்பு.
நான் அரசு ஊழியர். மனுவில் கைவைக்கக் கூடாது.
ஆப்பிள் பை வாங்க வந்தவள்போல்
கல்லாவோரம் நின்றேன்.

ஒரே ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மணி நேரச் சண்டை.
லெமுவேல் பிராஸ் எழுந்தார்:
‘எனக்கு வரி ஆகாது. எதிர்த்துத்தான் போடுவேன்.
ஆனால் எதை எதிர்க்கிறேன் என்று
எனக்குத் தெரியும்படி எழுது.’
யாரும் சிரிக்கவில்லை.
தொகையை முதலில் போடச் சொன்னதும் அவர்தான்.

எட்டேகால் மணிக்கு
வெர்லா ஒரு காகிதக் கைக்குட்டையை என் பக்கம் நீட்டினாள்.
‘வருஷத்துக்கு, வீட்டுக்கு அறுபது டாலர் கொடுத்து
ஊருக்கு ஓர் ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்வோமா?’
‘விளங்குகிறதா?’ என்றாள்.

மூன்று முறை படித்தேன்.
பையைச் சாப்பிட்டேன்.
தட்டைக் காலி செய்து
நிமிர்ந்து அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நவம்பரில் பதினாறு கேள்விகளாம்.
இது எத்தனையாவது என்று
இன்னும் முடிவாகவில்லை.